சத்திரத்து ஆமைகள்

ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிந்த வருஷத்தைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பேசும்போது நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். நீங்கள் ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். சுவரில் தாரால் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பீர்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அந்த வருஷம் என்றால் எனக்கு நினைவில் வருவது இரண்டு ஆமைகள். நாலு பேர் நடுவில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் திருப்பதியில் ஒரு சத்திரத்தின் பின்கட்டில் குடியிருந்தோம். வேலூர்ப் பக்கத்து வியாபாரிகள் கட்டிவைத்த சத்திரம் அது. நைனா அங்கே சமையல்காரர். அம்மா பாத்திரம் துலக்குவாள், கூடம் கழுவுவாள். தங்கச்சி கைக்குழந்தை. நான் ஐந்தாம் வகுப்பு. கூடத்தில் எந்நேரமும் ஆட்கள் படுத்திருப்பார்கள். தலையில் முடி இருந்தால் மலைக்குப் போகிறவர்கள், மொட்டையும் சந்தனமுமாக இருந்தால் இறங்கி வந்தவர்கள். ஈரத்துணி வாசனையும் விறகுப்புகையும் சந்தனமும் கலந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எங்கேயாவது மொட்டையடித்த குழந்தையைத் தூக்கினால் அந்த மணம் மூக்கில் ஏறும்.

மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதில் தாசர் ஒருவர் தங்கியிருந்தார். பெருமாள் பேரைச் சொல்லிப் பிச்சையெடுக்கிறவர். அவரிடம் மூன்று ஆமைகள் இருந்தன. ஓட்டின்மேல் வெள்ளையும் சிவப்புமாகப் பெயிண்டில் பட்டையாக நாமம் போட்டிருப்பார். ஓட்டின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பி வளையம் மாட்டி, மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்திருப்பார். விடிந்ததும் பித்தளைத் தாம்பாளத்தில் துளசியைப் பரப்பி, அதன்மேல் அவற்றை உட்காரவைத்து மலையடிவாரத்துக்கு எடுத்துப்போவார்.

"கூர்மாவதாரம் சேவிச்சிக்கோங்க. கூர்மாவதாரம் சூடண்டி" என்று இரண்டு பாஷையிலும் கூப்பிடுவார். ஜனங்கள் ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். குங்குமம் தூவுவார்கள். பாலை ஊற்றுவார்கள். பொங்கலை உருட்டி ஆமையின் வாய்க்கு நேராக வைப்பார்கள். ஓர் ஆமையும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மூன்றையும் கோணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார்.

கோடை ஆரம்பத்தில் தாசருக்குக் காய்ச்சல் வந்தது. பிதற்ற ஆரம்பித்ததும் மாட்டுவண்டியில் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார். ஆணியில் மாட்டிய பையைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. நாற்றம் வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

"எலி செத்துக் கீது. எட்த்து வெளிய போடு" என்றார் மேனேஜர், வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

நைனா பையை இறக்கி அவிழ்த்தார். ஓர் ஆமையின் ஓட்டுக்குள்ளிருந்து எறும்பு சாரைசாரையாக வந்தது. மற்ற இரண்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. நைனா ஒன்றைத் தூக்கிக் கவனித்தார். கால் லேசாக அசைந்தது. கண்கள் பசை போட்டதுபோல ஒட்டிக்கிடந்தன.

"பாரேய்யா, பாரேய்" என்று தூக்கி எறியச் சொல்லி மேனேஜர் விரட்டினார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

"உசுரு கீதுங்களே அய்யா. அதுவும் நாமம் போட்டுக் கீது. நாமம் போட்டத எப்பிடிக் குப்பைல கடாசறது?"

மேனேஜர் கொஞ்ச நேரம் நாமத்தையே பார்த்தார். பிறகு, தொடாமல் தூரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்போ நீயே வெச்சிக்கோ. பின்கட்டத் தாண்டி வரக்கூடாது" என்றார்.

அப்படித்தான் அவை எங்களிடம் வந்தன. செத்ததை நைனா புதைத்தார். ஒன்று தேங்காய் மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, மற்றது என் உள்ளங்கைக்குள் அடங்கும். பெரிசு, சின்னது என்று கூப்பிட்டேன். விறகு அடுக்கின் நிழலில் மணல் கொட்டி, சுற்றிலும் செங்கல் வைத்தேன்.

அம்மா சண்டை பிடித்தாள். "ஆமெயப் போயி எவனாச்சும் ஊட்டுல வெப்பானா?"

"ஊட்டுல எங்க வெச்சேன்? விறகாண்ட தான வெச்சிக் கீறேன்" என்றார் நைனா.

"விறகு இன்னா பக்கத்து ஊட்டு விறகா?"

ஆமை என்ன தின்னும் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. சோறு வைத்தேன், தயிர்ச்சோறு வைத்தேன், வாழைப்பழத் தோல் வைத்தேன். எறும்புதான் தின்றது. இரண்டும் வைத்த இடத்தில் கல்போலக் கிடந்தன. சின்னது மூச்சு விடும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பயப்படுவேன். வாத்தியார் தமிழ்ப் பாடம் நடத்துவார். அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு இருக்குமோ இருக்காதோ என்று அவரே நடுவில் நிறுத்திப் பேசுவார். என் காதில் விசில் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் அம்மா தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு நான் படுகிற பாட்டைப் பார்த்தாள்.

"கண்ணே தொறக்காத இருந்தா சோறு எங்க கீதுன்னு அதுக்கு எப்பிடிரா தெரியும்? உனக்குக் கண்ணு நோவு வந்தப்போ நான் இன்னா பண்ணேன்?"

எனக்குத் தெரியும். கண்வலிக்குத் தாய்ப்பால்தான் மருந்து எங்கள் பக்கத்தில். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பீய்ச்சிக் கொடுத்தாள்.

"உங்க நைனா கிட்ட சொல்லாத. வெளிய எவ கிட்டயாச்சும் சொன்னியோ, தோல உரிச்சிடுவேன்."

பஞ்சில் நனைத்துக் கண்ணில் விட்டேன். தினமும் காலையில் விட்டேன். பாலினால் திறந்ததோ, பஞ்சின் ஈரத்தில் பீளை ஊறித் திறந்ததோ, ஒருநாள் பெரிசின் ஒரு கண் திறந்தது. மிளகு அளவு, கறுப்பாக, ஈரமாக. அது என்னைப் பார்த்தது. பார்த்தது என்றுதான் நான் நம்பினேன். பிறகு சின்னதுக்கும் திறந்தது.

கண் திறந்த பிறகும் சோற்றைத் தொடவில்லை. அடிவாரத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் இருந்தன. பழம் பறிக்கப் போனவன், தின்றதுபோக ஒன்றை அவற்றுக்கும் நசுக்கி வைத்தேன். பெரிசு கழுத்தை நீட்டியது. அந்தக் கழுத்து அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரு கடி. இன்னொரு கடி. கொஞ்ச நேரத்தில் அதன் வாயெல்லாம் சிவப்பாக ஒழுகியது. அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"ரத்தம் கக்குதும்மா, சாவப் போவுது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "உன் வாயப் போயி கண்ணாடில பாரு. நீயும் கூடவே சாவப் போறியா?"

என் உதடும் நாக்கும் கள்ளிப்பழச் சாயத்தில் அதே சிவப்பாக இருந்தன. அம்மா சிரித்தாள். தங்கச்சி பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது குறைவு.

அதற்கப்புறம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. சாக்கடை ஓரத்து மூக்கிரட்டைக் கீரை பிடிக்கும். வாடிய செம்பருத்திப் பூ பிடிக்கும். தட்டில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தால் பெரிசு அதில் நின்று வாயை முக்கிக் குடிக்கும். சின்னதுக்கு விசில் சத்தம் நின்றது. வெயில் சாய்ந்ததும் இரண்டும் செங்கலைச் சுற்றிச் சுற்றி நடக்கும். விறகில் ஓடு உரசும் சத்தம் அடுப்பங்கரை வரை கேட்கும். நைனா கரண்டியைப் பிடித்தபடியே, "உன் கச்சேரி ஆரம்பிச்சிட்ச்சி, போய்ப் பாரு" என்பார்.

கம்பி வளையங்களை நைனாதான் பாக்குவெட்டியால் வெட்டி எடுத்தார். துளையைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. பெயிண்டு அடுக்கடுக்காக ஏறி ஓட்டுக்கு மேல் இன்னோர் ஓடு மாதிரி இறுகியிருந்தது.

"நம்ம முதுவுல சிமிட்டி பூசினா நாம தாங்குவமா?" என்றார்.

மத்தியானப் பந்தி முடிந்து படுக்கிற நேரத்தில் படுக்காமல், நல்லெண்ணெயில் துணியை முக்கி ஓட்டின்மேல் போட்டு ஊறவைத்து, கொட்டாங்கச்சி விளிம்பால் சுரண்டுவார். அம்மா பார்த்துவிட்டு, "நாமத்தப் போயி சுரண்டறியே" என்றாள். "நாமம் மேல கீது. பெருமாளு உள்ள கீறாரு" என்றார் நைனா.

வெள்ளை உரிந்தது, சிவப்பு உரிந்தது. அதற்கு அடியில் கறுப்பு. அந்தக் கறுப்பின் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் ஓடின. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம். எண்ணெய் பட்டதால் பளபளவென்று இருந்தது. நைனா கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதும்மேல போயி எவன்டா பெயிண்ட் அட்ச்சான்?" என்றார்.

அப்போது நாங்கள் மூன்று பேரும் அந்த ஓட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது கண்ணில் நிற்கிறது. நாமத்தைச் சுரண்டியது எங்கள் தலையில் வந்து விடியும் என்று அப்போது தெரியவில்லை.

எல்லை பேசி முடித்துவிட்டார்கள் என்ற செய்தியை மேனேஜர்தான் சித்தூருக்குப் போய் வந்து சொன்னார். திருத்தணி மெட்ராசுக்கு. சத்தியவேடும் பிச்சாட்டூரும் ஆந்திராவுக்கு. திருப்பதி எப்போதும்போல ஆந்திராவிலேயே. அத்தோடு இன்னொரு செய்தியும் இருந்தது. வியாபாரிகளுக்குச் சத்திரம் நடத்துவதில் இனி இஷ்டம் இல்லையாம். வேறு ஆட்களுக்குக் கைமாற்றுகிறார்கள். புது ஆட்கள் சமையல்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மேனேஜருக்கும் வேலை இல்லை, எங்களுக்கும் இல்லை. நைனாவுக்குத் திருத்தணிக்குப் பக்கத்தில் கிராமம். ஆனால் அங்கே காணி நிலம் கிடையாது. இருந்தது அம்மாவின் தம்பி வீடு ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் மேனேஜர் பின்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். நடந்துகொண்டிருந்த ஆமைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நாமம் எங்க?"

"சுரண்டிட்டேங்க. பெயிண்டு ஓட்ட அரிச்சிட்டு இருந்திச்சி" என்றார் நைனா.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நைனா தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னார்: "நாமம் இருந்த வரைக்கும் அது கூர்மம். நானும் ஒண்ணும் சொல்லல. நாமத்த எட்த்துட்டா அது வெறும் ஆமெ. ஆமெ பூந்த ஊடு இன்னா ஆவும்னு உனக்கு நான் சொல்லணுமா? இத்தினி வருசமா நடந்த சத்திரம்."

எல்லைக் கோட்டை டில்லியிலும் மெட்ராசிலும் போட்டார்கள். பழி விறகு அடுக்கில் வந்து விழுந்தது. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு நைனா தலையைக் குனிந்துகொண்டார். கொட்டாங்கச்சியால் தானே சுரண்டியது என்று அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா சொன்னாள்: "பொழப்பத் தேடிக்கினு தம்பி ஊட்டுக்குப் போறோம். ஆமெய இட்டுக்கினு போயி நின்னா அவன் பொண்டாட்டி வாசல்ல சேப்பாளா?" பால் கொடுத்த அம்மாதான். அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

"மலையாண்ட உட்டுடலாம் நைனா. கள்ளிப்பழம் நெறைய கீது" என்றேன் நான்.

நைனா மறுநாள் முழுக்க யோசித்தார். இட்லிப் பானையை இறக்கும்போதும் யோசனையாகவே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெரிய மனிதனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"மலையில நரி கீது. நரிய விட மோசம், மனுசன் கீறான். ஒருத்தன் புடிச்சா வறுத்துத் துன்னுடுவான். இன்னொருத்தன் புடிச்சா மறுபடியும் ஓட்டை போட்டுக் கம்பி மாட்டுவான். பெருமாளு ஆமெயா வந்தது எங்க? பாற்கடல்ல. தண்ணி தான்டா அதுக்கு ஊடு. கொளத்துல உட்டா ஒருத்தனும் புடிக்க மாட்டான். கோயில் கொளத்துல எவன் கை வெப்பான்?"

எனக்கு அது சரியாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. ஏரியில் ஆமை பார்த்திருக்கிறோம், கிணற்றில் பார்த்திருக்கிறோம். ஆமை என்றால் தண்ணீர். எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். நைனா தலைக்குக் குளித்து வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். ஆமைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள் அம்மா. மேனேஜரும் வந்தார், கையில் துளசி மாலையோடு. படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஏது என்று கூடிவிட்டார்கள். யாரோ ஓர் அம்மாள் கற்பூரம் ஏற்றினாள்.

நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முதலில் பெரிசை விட்டார். அது நாலு காலையும் நீட்டி அடித்துக்கொண்டு மேலே நின்றது. கொஞ்ச தூரம் போனது. "கோவிந்தா" என்றார்கள் எல்லாரும். பிறகு மெல்ல முங்கியது. முங்கிய இடத்தில் குமிழி வந்தது.

"பாரு, மூச்சு உடறாரு" என்றார் ஒருவர்.

சின்னதை விட்டதும் அது திரும்பிவிட்டது. படியைப் பார்த்து வந்து, கல்லில் முன்னங்காலைப் போட்டுப் பிறாண்டியது. பாசி வழுக்கியது.

"உங்கள உட்டுப் போவ மனசு இல்ல பாருங்க" என்றாள் கற்பூரம் ஏற்றிய அம்மாள். நைனாவின் கண் கலங்கியது. உள்ளங்கையால் அதை அணைத்தாற்போல எடுத்து, இன்னும் ஓர் எட்டு உள்ளே போய், ஆழத்தில் விட்டார்.

"போ சாமி. போயிட்டு வா."

அன்றைக்கு நைனா பாயசம் வைத்தார். மேனேஜர் இரண்டு டம்ளர் குடித்தார்.

ஊருக்குப் புறப்படுகிற காலையில், ஜட்கா வருவதற்கு முன்னால், ஒரு பிடி மூக்கிரட்டைக் கீரையைப் பறித்துக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். படி ஓரத்துக்கு வரும், கூப்பிட்டால் கழுத்தை நீட்டும் என்று நினைத்தேன்.

மூலையில் பூவும் தொன்னையும் ஒதுங்கிக்கிடந்த இடத்தில் பெரிசு மிதந்தது. வயிறு மேலே இருந்தது. காலெல்லாம் வெளுத்து உப்பியிருந்தன. சின்னது படிக்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் செருகிக்கிடந்தது. முகம் மேல்படியைப் பார்த்தபடி இருந்தது.

"ஏ பையா, அத்தத் தொடாத, நாறுது" என்றான் துணி துவைத்துக்கொண்டிருந்தவன். நான் இரண்டையும் சட்டையில் சுற்றி எடுத்துவந்து, விறகு அடுக்குக்குப் பின்னால் தோண்டிப் புதைத்தேன். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். தெருவிலிருந்து அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. சட்டை எங்கே என்று முதுகில் இரண்டு வைத்தாள்.

ரேணிகுண்டாவில் வண்டி மாறி உட்கார்ந்த பிறகு நைனா கேட்டார்.

"கொளத்தாண்ட போனியா?"

"போனேன்."

"கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சி நைனா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"நீந்திக்கினு கீதா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போன செய்தி வந்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பை நான் பார்க்கவில்லை. "நீந்திக்கினு கீது" என்றேன். அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். புத்தூர் தாண்டும்போது தூங்கிவிட்டார்.

திருத்தணியில் எங்களுக்கு நல்ல காலம் ஒன்றும் பிறக்கவில்லை. நைனா கல்யாணச் சமையலுக்குப் போனார், இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. என்னை எண்ணெய்ச் செக்கில் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் அத்தோடு போயிற்று. தங்கச்சிக்கு வரன் கூடிவந்தபோது, "ரெண்டு ஜீவன கரை சேத்தோமே, அந்தப் புண்ணியம்" என்றார் நைனா. வந்த சம்பந்திகளிடமும் அந்தக் கதையைச் சொன்னார். நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்வார், சின்னது திரும்பி வந்ததைச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அவை ஏன் செத்தன என்று ரொம்ப காலம் எனக்குத் தெரியாது. மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லையோ, எண்ணெய் உள்ளே போயிற்றோ என்று நினைத்துக்கொள்வேன். நாற்பது வயசுக்கு மேல் ஒருநாள், அரக்கோணம் ஸ்டேஷனில் காட்டிலாகாக்காரர்கள் ஒரு மூட்டையைப் பிடித்துவைத்திருந்தார்கள். உள்ளே அதே நட்சத்திர ஓடுகள். வேடிக்கை பார்த்த ஒருவர், "ஏரியில விட்டுடுவீங்களா சார்?" என்று கேட்டார். "இது தரை ஆமைய்யா. நீந்தத் தெரியாது. ஏரியில விட்டா செத்துடும்" என்றார் காட்டிலாகாக்காரர், சாதாரணமாக.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. நைனா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாடா இவ்ளோ நேரம்?" என்றார். "வண்டி லேட்டு நைனா" என்றேன்.

கடைசிப் படுக்கையில் அவருக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஒருநாள் ஸ்பூனைத் தள்ளிவிட்டுப் பேசினார்.

"ஆமெக்கு ஆயுசு கெட்டிடா. நான் போனாலும் அதுங்க ரெண்டும் அங்க இருக்கும். இப்போ எம்மாம் பெருசு ஆயிருக்குமோ. ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வா."

"பாக்கறேன் நைனா" என்றேன்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எண்ணெய் வியாபாரமாகப் புத்தூருக்குப் போயிருக்கிறேன், ரேணிகுண்டா வரைக்கும் போயிருக்கிறேன். திருப்பதிக்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.